தானாக விழுந்த கல்

அருள்,

நேற்றுப் பூசையின் முடிவில் உன் இரண்டாம் ஓலையை வாசித்தார்கள். அடையாறு பங்கைச் சேர்ந்த பெண்ணின் பெயர், அவள் பெற்றோர் பெயர், பிறகு உன் பெயர், எங்கள் பெயர். இவர்கள் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள், இதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற அந்தக் கடைசி வரி. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு இப்படி வாசிப்பது நம் கோயில் வழக்கம். சாந்தோமில் பிறந்து வளர்ந்த நான் சின்ன வயதிலிருந்து அந்த வரியைக் கேட்டுவருகிறேன். அதைக் கேட்டு ஒருவர்கூட எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. வரி முடிந்ததும் ஒரு சின்ன அமைதி வரும். சிலர் மின்விசிறியைப் பார்ப்பார்கள், சிலர் குடையைத் தேடுவார்கள். அடுத்து இறுதி ஆசீர், அப்புறம் வெளியே வந்து காப்பி. நேற்று அந்த அமைதி எனக்கு மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்தது.

இதை உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். நம் குடியிருப்பில் எல்லாமே கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடித்த விஷயமாகிவிட்டது. அதைப் பற்றி மறுபடியும் மூடிய உறைக்குள் எழுத எனக்கு மனம் வரவில்லை. தவிர, நாற்பது வருடம் ஊரார் வீட்டுச் சங்கதியை அச்சில் போட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். இப்போது என் வீட்டு முறை வந்திருக்கிறது, அதனால் இதையும் அச்சுக்கே கொடுக்கிறேன். தள்ளி நிற்க எனக்கு நியாயம் இல்லை.

போன வாரம் போனில் நீ சொன்னதை, எழுதி வைத்துக்கொள்ளாமலே, வார்த்தை மாறாமல் என்னால் திருப்பிச் சொல்ல முடியும். "அப்பா, கோர்ட்டுல வேற தேதி வாங்கப் பாருங்க. கல்யாணம் முடியட்டும். தேதி தரலேன்னா ஞாபகம் இல்லேன்னு சொல்லிடுங்க. எழுபதைத் தாண்டின மனுஷன் ஞாபகம் இல்லேன்னு சொன்னா யாரும் தப்பா எடுத்துக்கமாட்டாங்க." நீ கோபப்படவில்லை. அக்கறையாகத்தான் சொன்னாய். மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்கும் அதே குரல். என் மூப்பை எனக்கே ஒரு வசதியாக எடுத்துக் கொடுத்தாய். போனை வைத்த பிறகு உன் அம்மா, "என்ன சொன்னான்?" என்று கேட்டாள். "எனக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னான்" என்றேன். "இப்பதான் கண்டுபிடிச்சானா" என்று சொல்லிவிட்டு அவள் கீரை ஆய உட்கார்ந்துவிட்டாள்.

என் ஞாபகம் எப்படி இருக்கிறது என்று உனக்குக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளப்போகிறது.

உன்னோடு படித்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் பக்கம் போனபோது நீ தத்துவம் படிக்கிறேன் என்றாய். அதிலும் இரண்டாயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முந்தைய கிரேக்கர்கள். உறவுக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோல வந்து போனார்கள். எனக்கு உள்ளூர சந்தோஷம். உலகம் எதனால் ஆனது, பொருள்கள் ஏன் நகர்கின்றன, ஒன்று நடந்தால் அதற்குக் காரணம் என்று எதைச் சொல்வது என்று சில பேர் உட்கார்ந்து கேட்டார்கள் என்றாய். அந்தக் கடைசிக் கேள்விதான் என் பிழைப்பும். அவர்கள் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. நான் உச்சரிக்கும்போதெல்லாம் நீ திருத்துவாய், நான் மறுபடியும் தப்பாகச் சொல்வேன். பெயர் இல்லாமலே அவர்கள் சொன்னது எனக்குப் பழக்கம். எல்லாமே நீர்தான் என்று சொன்னவரைப் பற்றி நீ முதன்முதலில் சொன்ன வருடம், அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டை வீடுகளுக்குள் புகுந்து, நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று செய்தி சேகரித்துவிட்டு ஈரக் காற்சட்டையோடு வந்திருந்தேன். "அந்தாளு சைதாப்பேட்டைக்காரனா?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

பட்டினப்பாக்கம் கடற்கரை ஞாபகம் இருக்கிறதா? நீ கல்லூரியில் இருந்தாய். ஒரு சாயங்காலம், அலை ஓரத்தில் நின்று கல் எடுத்து எறிந்து எனக்குப் பாடம் எடுத்தாய். நெருப்பு மேலே போவதும் மண் கீழே வருவதும் அவற்றின் இயல்பு. ஒவ்வொன்றுக்கும் அதன் இடம் இருக்கிறது, விட்டால் அது தன் இடத்துக்குப் போய்ச் சேரும். கல்லைப் பக்கவாட்டில் எறிவது இயல்புக்கு மாறான அசைவு, அதற்கு ஒரு கை வேண்டும். "சரி, கை விட்ட அப்புறமும் கல் ஏன் போய்க்கிட்டே இருக்கு?" என்று கேட்டேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. "அப்பா, நூத்துக்கணக்கான வருஷம் இதே கேள்விய வெச்சுக்கிட்டுத் தவிச்சிருக்காங்க" என்றாய். கை காற்றைத் தள்ளுகிறது, காற்று கல்லைத் தள்ளிக்கொண்டே போகிறது என்று, இயல்பைப் பற்றிச் சொன்ன அந்தக் கிரேக்கப் பெரியவர் சொன்னாராம். அது தப்பு என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்களாம். கூடையில் மீன் வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னா நைனா, வயசுப் புள்ளயும் பெரிய மனுசனுமா நின்னு கல்லு வுட்டுக்கினு கீறீங்க? எங்க வலை கீது அங்க. வுழுந்துச்சுன்னா ரெண்டு பேரையும் ஒக்கார வெச்சுத் தைக்க வெப்பேன்" என்றார். நீ கையிலிருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டாய்.

அன்று திரும்பி நடக்கும்போதுதான் நீ அந்த இன்னொரு உதாரணத்தைச் சொன்னாய். ஒரு தூண் மேலே ஒரு பாரம் நிற்கிறது. ஒருவன் வந்து தூணை எடுத்துவிடுகிறான். பாரம் விழுகிறது. அதை விழவைத்தது யார்? "ஒரு விதத்துல அவன்தான், ஒரு விதத்துல அவன் இல்ல. விழறது பாரத்தோட இயல்பு. ஆனா தடுத்துக்கிட்டு இருந்ததை எடுத்தது அவன். ரெண்டும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கார். ஒண்ண விட்டுட்டு ஒண்ணச் சொன்னா அது அவர் சொன்னதில்ல." இரண்டு பக்கமும் சொன்னாய், அருள். இதை நினைவில் வைத்துக்கொள். பிறகு தேவைப்படும்.

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலும் ஒரு பாடம் நடந்தது. தீபாவளிக்கு முந்தைய கூட்டம். நாம் போனது உன் அம்மாவுக்குச் சமையல் பாத்திரம் வாங்க. அங்கே யாரும் நடப்பதில்லை, பின்னால் இருப்பவர் தள்ளுவதால் நகர்கிறோம். நீ அந்த நெரிசலிலும் விடவில்லை. "பாருங்க, நம்மள அவர் தள்றார், அவரை அவருக்குப் பின்னாடி இருக்கறவர் தள்றார். அசையறதையெல்லாம் வேற ஒண்ணு அசைக்குது. இப்படியே பின்னால போய்க்கிட்டே இருந்தா கடைசில, தான் அசையாம எல்லாத்தையும் அசைக்கிற ஒண்ணு இருந்தாகணும்" என்றாய். உன் அம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அதோ தொங்குது பாரு, தள்ளுபடி போர்டு. அதுதான் அது" என்றாள். நீ அப்படியே நின்றுவிட்டாய். பின்னால் வந்தவர் திட்டினார். "அம்மா, அதேதான். அது யாரையும் தள்ளாது. எல்லாரும் அதுமேல ஆசைப்பட்டுத்தான் நகர்றாங்க" என்றாய். பிறகு பல நாள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி உன் அம்மாவைப் பெருமைப்படுத்தினாய்.

நான்கு காரணங்களை நம் சாப்பாட்டு மேசையை வைத்துச் சொன்னாய். மரம் ஒரு காரணம், மேசை என்ற வடிவம் ஒரு காரணம், செய்த தச்சர் ஒரு காரணம், எதற்காகச் செய்தாரோ அந்த நோக்கம் ஒரு காரணம். நான்கையும் சொன்னால்தான் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லி முடித்ததாக ஆகும். நான் மறுநாளே அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். எங்கள் தொழிலில் ஒரு வாக்கியம் உண்டு. சுவர் இடிந்து விழுந்து தொழிலாளி பலி. வாரத்துக்கு ஒன்றாவது வரும். இந்த ஊரில் சுவர்கள் தாமாக நிற்பதுபோலவும், சலிப்பு வந்தால் தாமாக விழுவதுபோலவும் எழுதிக்கொண்டிருந்தோம். எந்தத் தீ விபத்துக்கும் மின்கசிவு என்று போட்டு முடிப்போம். "இடிந்தது சரி, யார் தோண்டினான், எதுக்குத் தோண்டினான்னு கேட்டுட்டு வா" என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தேன். என் மகன் சொல்லிக்கொடுத்தது என்று கூடுதலாகச் சொல்வேன். அவர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'நாலு காரணம்'. நான் கோபித்துக்கொண்டதில்லை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்தேன் என்று நீ சொல்ல முடியாது, அதனால்தான்.

உன் நிச்சயதார்த்தத்துக்கு நீ வந்திருந்தாய். மந்தைவெளியில் நம் குடியிருப்பு பழைய கட்டடம், வாசல் குறுகல். கேட்டுக்கு மேலே தெருப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த போர்டிகோவின் கான்கிரீட் தளம், அதன் வெளி மூலையில் ஒரு தூண். அந்தத் தூண்தான் கார்களுக்கு இடைஞ்சல். நீ வாடகைக்கு எடுத்திருந்த பெரிய வண்டியின் கதவு அதில் உரசிவிட்டது. மறுநாள் உன் வருங்கால மாமனார் கார் உள்ளே திரும்ப முடியாமல், அவர் தெருமுனையில் இறங்கி, பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழைச் சேற்றில் நடந்து வந்தார். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. உனக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. நீ குடியிருப்புச் சங்கச் செயலாளரை மாடிப்படியில் பிடித்துப் பேசினாய். "தம்பி வெளிநாட்டுல புரொபசர், தெரியாமலா சொல்லுவாரு" என்று அவர் என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். என்ன பாடத்தில் புரொபசர் என்று அவர் கேட்கவில்லை.

மேஸ்திரி வந்த காலையில் நான் பால் பாக்கெட்டோடு கேட்டில் நின்றிருந்தேன். அவர் தூணைப் பார்த்தார், மேலே பார்த்தார், உன்னைப் பார்த்தார். "சார், அசோசியேசன்ல கேட்டுட்டீங்களா? இன்ஜினீயரு யாருனா பாத்தாங்களா?" நீ சொன்னாய்: "எல்லாம் கேட்டாச்சு. அது சும்மா அலங்காரத் தூண். நான் தட்டிப் பாத்துட்டேன். நீங்க எடுங்க, எதுன்னாலும் நான் பாத்துக்கறேன்." நான், "யாரையாவது காட்டியிருக்கலாமேடா" என்றேன். "அப்பா, ஒங்களுக்கு எல்லாமே நியூஸ்" என்றாய். மேஸ்திரி சிரித்தார். நான் பாலை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

அந்தப் போர்டிகோ நிழலில்தான் ஏழுமலையின் இஸ்திரி வண்டி. நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து உன் சட்டைக்கு மடிப்பு வைத்தவர். அன்று சாயங்காலம் வந்து தூண் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு அவர் உன்னிடம் பேசியது எனக்கு மாடியிலிருந்து கேட்டது. "இன்னா தம்பி, நம்ம ஆபீஸ் தூணையே தூக்கிட்டீங்க?" நீ, "நல்லா காத்து வரும்ண்ணே" என்றாய். "காத்து வந்தா கரி பறக்கும். பறந்து உன் கல்யாணச் சட்டையிலதான் வுழும். அப்பால என்னிய வந்து கேக்காத." இரண்டு பேரும் சிரித்தீர்கள். நிச்சயதார்த்தத்துக்கு உன் மாமனார் கார் ஒரே திருப்பில் உள்ளே வந்து நின்றது. எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். பிறகு நீ ஊருக்குப் போய்விட்டாய்.

தளம் பல மாதம் நின்றது. மழைக்காலம் பாதியில் ஒரு மத்தியானம் விழுந்தது. நான் வீட்டில் இருந்தேன். சத்தம் கேட்டுக் கீழே ஓடினேன். என் தொழிலில் நான் போய் நின்ற இடிபாடுகள் நிறைய. எல்லாவற்றுக்கும் பிறகுதான் போவேன். முதல் தடவையாக, தூசி அடங்குவதற்கு முன் நின்றேன். இஸ்திரிப் பெட்டி திறந்து கங்குகள் கான்கிரீட் துண்டுகளுக்கு நடுவே சிதறிக் கிடந்தன. தூறல் பட்டு ஒவ்வொன்றாகச் சீறி அணைந்தன. மடித்து அடுக்கிய துணிகள் அடுக்கு கலையாமல் வண்டியின் ஒரு பக்கத்தில் அப்படியே இருந்தன. ஏழுமலை அடியில் இருந்தார். ஆஸ்பத்திரிக்கு அவரோடு நானும் அவர் மனைவி கன்னியம்மாவும் போனோம். போகும்போதே முடிந்துவிட்டது.

நாங்கள் அங்கே இருந்த நேரத்தில் இங்கே போலீஸ் வந்திருக்கிறது. செயலாளர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். இஸ்திரிக்காரர் மழைக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார், அதன் கயிற்றைத் தளத்தின் கொக்கியில் மாட்டி இழுத்தார், பழைய தளம் அதனால் பெயர்ந்து விழுந்தது என்று. தூணைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. நான் செயலாளர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "சார், நீங்க பத்திரிகைல இருந்தவரு. ஒங்களுக்கு நான் சொல்லணுமா? தூணுன்னு ஆரம்பிச்சா அது யார் வீட்டுல போய் முடியும்? ஒங்க பையனுக்காகத்தான் பாத்தேன்" என்றார். காப்பி கொண்டுவரச் சொன்னார். நான் குடிக்காமல் வந்தேன்.

அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்தேன். அங்கே உனக்குக் காலை. நீ அதிர்ந்துபோனாய், உண்மையாகவே. பிறகு நீ சொன்னது இது: "அப்பா, உணர்ச்சிவசப்படாம யோசிங்க. பழைய கட்டடம், கம்பியெல்லாம் துருப்பிடிச்சிருக்கும். அது விழறது அதோட இயல்பு. தூணை எடுக்கறவனைப் பத்தி அவரே சொல்லியிருக்கார், ஞாபகம் இருக்கா? அவன் அசைக்கிறவன் இல்ல. தற்செயலா சம்பந்தப்பட்டவன்." அத்தோடு நிறுத்திவிட்டாய். நான் மீதிக்காகக் காத்திருந்தேன். பட்டினப்பாக்கத்தில் சொன்ன அந்த முதல் பாதி வரும் என்று. வரவில்லை. "அண்ணி எப்படி இருக்காங்க?" என்று கேட்டாய். கன்னியம்மாவைத்தான் கேட்டாய். அழுகிறாள் என்றேன்.

ஒருவர் சொன்னதில் பாதியை வெட்டிவிட்டு மீதியைப் போடுவதை எங்கள் தொழிலில் மன்னிக்கவே மாட்டோம். அதைச் செய்த ஒரு பையனை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன். நீ ஒரு கிரேக்கக் கிழவனுக்கு அதைச் செய்தாய். அவர் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, வழக்குப் போட மாட்டார். அவர் சொன்னதைப் படிக்கத்தான் உன்னைக் கடல் தாண்டி அனுப்பினேன். அதைக்கொண்டு நீ கட்டிய முதல் வீடு, நீயே ஒளிந்துகொள்ள.

உன் நான்கு காரணங்களை நான் எடுத்துக்கொள்கிறேன். கான்கிரீட்டும் துருப்பிடித்த கம்பியும், சரி. தூண் போன பிறகு ஒரு மூலை அந்தரத்தில் நின்ற அதன் வடிவம், சரி. எது அசைத்தது என்று கேட்டால் செயலாளர் தார்ப்பாய்க் கயிறு என்கிறார், நீ இயல்பு என்கிறாய். எதற்காக என்ற நான்காவதை இதுவரை யாருமே சொல்லவில்லை. நான் சொல்கிறேன். உன் மாமனார் கார் ஒரே திருப்பில் உள்ளே வருவதற்காக.

அம்பு நகர்வதே இல்லை என்று வாதாடிய இன்னொரு கிரேக்கரைப் பற்றியும் சொல்லியிருக்கிறாய். எந்த ஒரு கணத்தை எடுத்தாலும் அம்பு ஓர் இடத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறது, அப்படியானால் எப்போது நகர்ந்தது என்று கேட்டாராம். நம் குடியிருப்பில் எல்லோரும் அவருடைய சீடர்கள். செயலாளர் மாடிப்படியில் தலையாட்டினார், அவ்வளவுதான். மேஸ்திரி சொன்னதைச் செய்தார், அவ்வளவுதான். விழுந்தபோது நீ ஏதோ ஓர் ஊரில் தூங்கிக்கொண்டிருந்தாய். எந்தக் கணத்தை எடுத்தாலும் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். ஏழுமலை மட்டும் போய்விட்டார். கை விட்ட பிறகும் கல் ஏன் போய்க்கொண்டே இருக்கிறது என்று அன்று விளையாட்டாகத்தான் கேட்டேன். இப்போது பதில் வேண்டியிருக்கிறது.

கன்னியம்மா விடவில்லை. மேலே எழுதிப் போட்டு, அலைந்து, இப்போது சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் விசாரணை நடக்கிறது. ஒரு நாள் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உன் அம்மா உள்ளே வரச் சொன்னாள், வரவில்லை. "சார், அவுரே இஸ்துக்கினாருன்னு எழுதி வெச்சுக்கீறாங்களாமே. இன்னா வேணா எழுதட்டும், மழைன்னு எழுதட்டும், விதின்னு எழுதட்டும். அவரு மேலயே எழுதக் கூடாது சார். நாளிக்கி என் பொண்ணக் கட்டிக் குடுக்கப் போற வூட்ல, அப்பன் எப்டி செத்தான்னு கேப்பாங்க. தானே கல்ல இஸ்துப் போட்டுக்கினு செத்தான்னா சொல்லுவேன்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "தூண எடுத்தன்னிக்கி நீ கேட்டாண்டதான நின்னுக்கினு இருந்த? மேஸ்திரி சொன்னாருன்னு அவருதான் சொன்னாரு" என்றாள். "ஆமா" என்றேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. எடுக்கச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியும். உன் பெயரை அவள் சொல்லவில்லை. எனக்குச் சாட்சி சொல்லச் சம்மன் அடுத்த வாரம் வந்தது.

உன் அம்மா இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "புள்ள கல்யாணத்த வெச்சுக்கிட்டு இந்த மனுஷன் கோர்ட்டுப் படி ஏறப் போறாரு" என்று சுவரிடம் சொல்வாள். கல்யாணச் சேலை எடுக்க தியாகராய நகர் போனபோது, அதே ரங்கநாதன் தெரு முனையில், அதே போன்ற ஒரு தள்ளுபடி போர்டுக்குக் கீழே நின்று அழுதாள். யாரும் பார்க்கவில்லை, அங்கே யாருக்கும் நேரம் இல்லை. நேற்று ஓலை வாசித்து முடித்து வெளியே வந்ததும், நடந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "ஞாபகம் இல்லேன்னு பொய் சொல்லிட்டு வந்து, அவன் கல்யாணப் பூசையில பீடத்துக்கு முன்னாடி நின்னு நன்மை அப்பம் வாங்குவீங்களா?" நான் பதில் சொல்வதற்குள் அவளே, "நீங்க வாங்கினாலும் நான் பக்கத்துல நிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ கூப்பிட்டாள். இதையும் நான் உனக்குச் சொல்லத்தான் வேண்டும். அவள் உன் பக்கம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். சமையலில் கை கொடு, சண்டையைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதே என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். இப்போது என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் நீயே சொல். இன்றே சொல். நீ தட்டிப் பார்த்ததைச் சொல், நான் பாத்துக்கறேன் என்று சொன்னதைச் சொல். தன் அப்பாவின் கார் உள்ளே வந்து நின்ற அந்த நாளில் அவளும் வாசலில் நின்று சிரித்தவள். அவளுக்குக் கேட்க உரிமை உண்டு. இயல்பு, தற்செயல் என்ற வார்த்தைகள் இல்லாமல் சொல். அவை நல்ல வார்த்தைகள், அவற்றை நீ வகுப்புக்கு வைத்துக்கொள். கேட்ட பிறகும் அவள் உன்னோடு நின்றால், உனக்கு நான் செய்துவைக்க முடிந்ததைவிட நல்ல கல்யாணம் அது.

உன்னைச் சிறையில் பார்க்க எனக்கு ஆசை என்று நினைக்காதே. கவனக்குறைவு என்பார்கள், வக்கீல் வைப்பாய், நீதிபதி என்ன சொல்வாரோ எனக்குத் தெரியாது. உன் பயணம் தடைப்படலாம், வேலைக்குக்கூடக் கேடு வரலாம். அதையெல்லாம் நினைத்துப் பார்க்காமல் எழுதவில்லை. நினைத்தேன், ஒவ்வொன்றாக. அதையெல்லாம் காட்டி ஏழுமலையைத் தன் மேல் தானே கல்லை இழுத்துப் போட்டுக்கொண்டவர் ஆக்கிவிட முடியாது. அப்படி எழுதிவைத்ததை மாற்ற, வாய் திறக்க முன்வரும் சாட்சி நான் ஒருவன்தான் இருக்கிறேன். தளம் தன் இயல்பில் விழுந்தது, ஒத்துக்கொள்கிறேன். அந்த மேஸ்திரியிடம் 'எடுங்க' என்றது கல்லின் இயல்பு இல்லை. அது உன் குரல்.

நீ சனிக்கிழமை வந்து இறங்குகிறாய். ஞாயிறு மூன்றாம் ஓலை. தடை அறிந்தவர்கள் தெரிவியுங்கள் என்று கேட்பார்கள், நான் உட்கார்ந்திருப்பேன். உன் கல்யாணத்துக்கு என்னால் தடை இல்லை. உன் அம்மாவுக்குப் பக்கத்தில் உனக்கு இடம் வைத்திருப்பேன், வா. மறுநாள் காலை நான் சைதாப்பேட்டைக்குப் போகிறேன். ஆட்டோவில் இன்னொருவருக்கு இடம் இருக்கும். நீ கூட வந்து, தூணை எடுக்கச் சொன்னது நான்தான் என்று நீயே சொல்லிவிட்டால், என் வேலை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பதோடு முடிந்துவிடும்.

நீ வரவில்லையென்றால் என்னைக் கேட்பார்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அப்பா